மாரி என்றால் வா

எனக்குக் கல்யாணம் செய்து வைத்தது என் அத்தை. எட்டாம் நாள் அதைக் கலைத்துப் போட்டதும் அதே அத்தைதான். இரண்டையும் எங்கள் சந்துக் கோயிலில், மாரியம்மனுக்கு முன்னால், ஒரே இடத்தில் நின்று செய்தாள். இதில் எது உண்மையான அத்தை என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் தடுமாற்றம்தான்.

அப்பாவுக்கு அக்காள். மலாக்காவில், காஜா பேராங்கில் எங்கள் வீட்டுப் பின்பக்கத்து அறையில் இருந்தாள். ஆள் குள்ளம், குரல் பெரிது. அவளுக்கு இரண்டு வாய் என்று சந்தில் கேலி பேசுவார்கள். ஆறு நாள் அவள் வாய், வெள்ளிக்கிழமை மட்டும் அம்மன் வாய். தகரக் கூரை போட்ட அந்தச் சின்னக் கோயிலில் வெள்ளி சாயங்காலம் உடுக்கை அடித்ததும் அத்தைமேல் அருள் இறங்கும். கேட்டவர்களுக்கு வாக்குச் சொல்வாள். பிறகு மயங்கி விழுவாள். தண்ணீர் தெளித்து வீட்டுக்குக் கூட்டி வருவோம். மறுநாள் காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் என் அம்மாவிடம் வந்து நிற்பாள்.

"நேத்து ஆத்தா என்ன சொன்னா?"

தனக்கு ஒன்றும் நினைவில்லை என்பாள். அம்மா ஒவ்வொன்றாகச் சொல்வாள். அத்தை கேட்டுக்கொண்டே வேப்பங்குச்சியைக் கடிப்பாள். "இப்படியா சொன்னா? அந்தக் குடிகாரனுக்குப் போயி நல்ல வாக்கு குடுத்தாளா?" என்று அம்மன்மேல் கோபித்துக்கொள்வாள். கோபித்துக்கொள்வதோடு சரி. அம்மன் சொன்னதை மாற்ற மாட்டாள்.

அத்தையை எல்லோரும் நம்பியதற்குக் காரணம் அவள் பக்தி இல்லை. பக்தி உள்ளவர்கள் சந்துக்கு நாலு பேர் இருந்தார்கள். அத்தைமேல் வந்த அம்மன் அத்தைக்கு எதிராகவே பேசினாள். அதனால்தான் நம்பினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, இவள் நாக்குக்கு அடிமையாகிவிட்டாள், ஒரு மண்டலத்துக்குக் கருவாடு தொடக்கூடாது என்று வாக்கு வந்துவிட்டது. அத்தைக்குக் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. விஷயம் தெரிந்ததும், "அவளுக்கென்ன, பானகம் குடிச்சிட்டு உக்காந்திருக்கிறவ" என்று அரை மணி நேரம் அம்மனைத் திட்டினாள். நாற்பத்தெட்டு நாளும் தொடவில்லை. அம்மா அடுப்பில் கருவாடு போட்டால் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவாள்.

இன்னொரு தடவை, வேலித் தகராறு. பக்கத்து வீட்டுக்காரிக்கும் அத்தைக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. அம்மன் அந்தப் பக்கத்து வீட்டுக்காரிக்குத்தான் நியாயம் சொன்னாள். மறுநாள் அத்தை கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய் வேலிக் கால்களைத் தானே பிடுங்கி, இரண்டடி எங்கள் பக்கம் தள்ளி நட்டாள். நட்டு முடிகிற வரைக்கும் பக்கத்து வீட்டுக்காரியின் பரம்பரையையே ஏசினாள். ஏசிக்கொண்டே கயிறு பிடித்து நேராக நட்டாள். அத்தை என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் கடப்பாரைதான். அப்பா சிரித்ததற்கு அவள் சொன்னாள்:

"சொல்றது அவ. செய்யறது நான். எனக்குப் புடிக்குதா இல்லையான்னு யாரு கேட்டா?"

இதையெல்லாம் விளையாட்டாகச் சொல்லிக்கொண்டு போகிறேன். ஆனால் அந்த வாக்குகளின்மேல்தான் பலருடைய வாழ்க்கை நின்றது. ஊரெல்லாம் மெர்டேக்கா மெர்டேக்கா என்று சுதந்திரப் பேச்சாக இருந்த காலம். இங்கேயே பிரஜா உரிமை எழுதிக் கொடுப்பதா, கப்பலேறி ஊருக்குப் போவதா என்று ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பாதிப் பேர் அதைக் கேட்கத்தான் வந்தார்கள். தோட்டத்தில் கூலிகளை மேய்க்கும் மண்டோராக இருந்து ஓய்ந்த ஒரு பெரியவர் கப்பல் சீட்டோடு வந்தார். மனைவி ஊரில் இருக்கிறாள், போகட்டுமா என்றார். "இரு" என்று வாக்கு. அவர் சீட்டை அங்கேயே உண்டியல்மேல் வைத்துவிட்டுப் போனார். அந்த மனைவி அடுத்த வருஷம் ஊரில் செத்துப்போனாள். அதற்குப் பிறகும் அவர் வெள்ளி தவறாமல் வந்தார். அம்மனுக்குத் தெரியாதது ஒன்று உண்டா என்பார்.

அத்தையின் சொந்தக் கதையில் ஒன்றே ஒன்றைச் சொன்னால் போதும். அவள் கழுத்தில் தாலி கிடந்தது. மாமாவை ஜப்பான்காரன் சயாம் ரயில் போட இழுத்துக்கொண்டு போனான். போனவர்களில் திரும்பி வந்த ஒன்றிரண்டு பேர், கொட்டகையில் பேதி வந்து கிடந்ததைப் பார்த்தோம் என்றார்கள். செத்ததைப் பார்த்தோம் என்று யாரும் சொல்லவில்லை. அதுவே அத்தைக்குப் போதும். பதினாலு வருஷமாக ஆடி பிறந்தால் புதுக் கயிறு மாற்றினாள், தினமும் மஞ்சள் பூசினாள். கழற்றச் சொல்லி வந்த பெரிய மனிதர்களிடம் ஒரே பதில்தான்: "கட்டினது கட்டினதுதான்." மாமா வருவாரா என்று அவளுக்காக அப்பா இரண்டு தடவை அம்மனிடம் கேட்டார். அம்மன் எல்லோருக்கும் வாக்குச் சொன்னாள், அதற்கு மட்டும் வாயே திறக்கவில்லை. சனிக்கிழமை காலையில் அத்தை, "அவரைப் பத்திக் கேட்டீங்களா?" என்பாள். பதில் வரவில்லை என்று அம்மா தலையை ஆட்டுவாள். அத்தை குச்சியைத் துப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். அவளை நினைத்து நான் அழுத நாள் உண்டு. இனி எழுதப் போவதைப் படிக்கிறவர்கள் அதையும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்களுக்கு இரண்டு சந்து தள்ளி மலாக்கா செட்டிகளின் குடியிருப்பு, கம்பம் என்போம். எங்களுக்குப் பல தலைமுறை முந்தி வந்தவர்கள். அதே சாமி, அதே திருநீறு, கல்யாணத்துக்கு அதே தாலி. பேச்சு மட்டும் மலாய். பெண்கள் சாரோங் கட்டி, கெபாயா போட்டுக்கொண்டு கோயிலுக்கு வருவார்கள். அத்தைக்கு அவர்களைப் பிடிக்காது. சாமியிடம் மலாயில் பேசினால் அவளுக்கு என்ன விளங்கும் என்பாள். அந்த வீட்டுப் பிள்ளைகள் அத்தையைப் பழி வாங்கிக்கொண்டார்கள். அருள் உச்சத்துக்குப் போகும்போது அத்தை "மாரி! மாரி!" என்று கத்துவாள். மலாயில் மாரி என்றால் வா என்று அர்த்தம். கிழவி யாரைக் கூப்பிடுகிறாள், நீ போ, நீ போ என்று பின்வரிசையில் ஒருவரை ஒருவர் இடித்துச் சிரிப்பார்கள்.

மங்களம் அந்தக் கம்பத்துப் பெண். வீட்டில் மங்கா என்று கூப்பிடுவார்கள். மலாயில் அது மாம்பழம். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் இடத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். கட்டில் விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, உதறி, நடந்து வந்து, முனையோடு முனை சேர்க்க வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு தடவை அவள் முகம் என் முகத்துக்குப் பக்கத்தில் வரும். மூன்று வருஷம் அப்படி வந்தது. அவளுக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சந்தையில் பேசுகிற பசார் மலாய்தான். நாங்கள் ஒருவருக்கொருவர் என்ன என்பதைச் சொல்ல என் மொழியிலும் வார்த்தை இல்லை, அவள் மொழியிலும் இல்லை. கல்யாணம் என்ற வார்த்தைதான் இரண்டிலும் இருந்தது. அதை எடுத்துக்கொண்டோம்.

ஒரு மத்தியானம் வேலை விட்டு வரும்போது கோயிலில் யாருமில்லை. அவள் சாரோங் முடிச்சில் இரண்டு மஞ்சள் கயிறு வைத்திருந்தாள். அவள் எனக்குக் கட்டினாள், நான் அவளுக்குக் கட்டினேன். மேளம் இல்லையே என்று நான் வாயாலேயே கெட்டிமேளம் தட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே என் வாயைப் பொத்தினாள். கயிற்றை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போனோம். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அதற்கு முன்னும் அதற்குப் பின்னும் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

ஆறு மாசத்தில் அப்பா எனக்கு மாப்பிள்ளை பார்த்தார். புக்கிட் ரம்பாயில் லாரி ஓட்டுகிறவர். நல்ல இடம். தேதி குறிப்பதற்கு முன்னால் அம்மனிடம் உத்தரவு கேட்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்த வெள்ளிக்கிழமை நான் முன்வரிசையில் பயந்துகொண்டு நின்றேன். மங்கா பின்னால், தன் அம்மாவோடு, பூத்தட்டை வைத்துக்கொண்டு நின்றாள். அத்தைக்கு அருள் வந்தது. அப்பா கையைக் கட்டிக்கொண்டு, பெண்ணுக்குக் கல்யாணம் எப்போது வைக்கலாம் தாயே என்று கேட்டார்.

அத்தை என்னைப் பார்த்தாள். கண் அத்தையின் கண்தான், ஆனால் பார்வை வேறு.

"கட்டின கழுத்துக்கு இன்னொரு கயிறு எதுக்குடா?"

அப்பாவுக்கு விளங்கவில்லை. அம்மாவுக்கு விளங்கியது. என் ரவிக்கைக் கழுத்தில் கையை விட்டு மஞ்சள் கயிற்றை வெளியே இழுத்தாள். யார் கட்டியது என்று அப்பா கேட்டார். என்னைக் கேட்டாரா அம்மனைக் கேட்டாரா, தெரியாது. உடுக்கை வேகமாக அடித்தது. அத்தை தலையை உலுக்கி, "மாரி! மாரி!" என்று கத்தினாள்.

எத்தனையோ வருஷமாக அவள் கத்துவதுதான். எங்கள் ஆட்கள் ஒருவரும் அசையவில்லை. பின்னால் இருந்து மங்கா வந்தாள். வா, வா என்று கூப்பிட்டதாகத்தான் அவள் காதில் விழுந்தது. பூத்தட்டைத் தன் அம்மா கையில் கொடுத்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, நேராக என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் கழுத்திலும் கயிறு வெளியே தெரிந்தது. அத்தை இரண்டு கையிலும் திருநீறு அள்ளி எங்கள் இரண்டு தலையிலும் வைத்தாள்.

"கட்டினது கட்டினதுதான். பிரிச்சா நான் இந்தப் பக்கம் வர மாட்டேன்."

பிறகு மயங்கி விழுந்தாள்.

அந்தக் காலத்தில் நம் கல்யாணங்களை எங்கும் பதிய வேண்டிய கட்டாயமில்லை. சாமி, கயிறு, பார்த்த சனம் இருந்தால் கல்யாணம். எங்களுக்கு மூன்றும் இருந்தன. அப்பா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. காலையில், "ஆத்தா சொல்லிட்டா, நான் என்ன செய்யட்டும்" என்று மட்டும் சொன்னார். மங்கா ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் அம்மா அழுதாள், மறுநாள் தேங்காய்ப்பூ வைத்த பலகாரம் ஒரு தட்டு அனுப்பினாள். சந்தில் சிலர் எங்கள் வாசல் வழியாகப் போவதை நிறுத்தினார்கள். சிலர் வேலை மெனக்கெட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். வேலித் தகராறு செய்த பக்கத்து வீட்டுக்காரி மட்டும் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமத்தோடு வந்து இருவருக்கும் பொட்டு வைத்துவிட்டுப் போனாள். அம்மன் சொல்லுக்காகத்தான் வந்தேன், உங்களுக்காக இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அது போதுமாக இருந்தது எனக்கு.

அந்த சனிக்கிழமை அத்தை வழக்கம்போல வேப்பங்குச்சியோடு வந்து கேட்டாள். அம்மா மாவு சலித்துக்கொண்டிருந்தாள். சலிப்பதை நிறுத்தாமலே சொன்னாள். அத்தை திட்டவில்லை.

"ஆத்தா அப்படிச் சொல்ல மாட்டா."

"சொன்னா அண்ணி. ஊரே கேட்டுச்சு."

அதுவரைக்கும் எந்த வாக்கையும் அம்மன் சொல்லியிருக்க மாட்டாள் என்று அத்தை சொன்னதே இல்லை. அன்றைக்கு வீடு வீடாகப் போய்ப் பத்துப் பேரிடம் விசாரித்தாள். பத்துப் பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். ஆத்தா மாரி என்று தன் பெயரைத்தான் சொன்னாள், இந்தச் செட்டிப் பெண் தப்பாக விளங்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டது என்று ஒருவர் சமாதானம் சொன்னாராம். அப்படியானால் திருநீறு வைத்தது யார் என்று அத்தையே திருப்பிக் கேட்டிருக்கிறாள். அவள் நேர்மை அவளை விடவில்லை.

புதன்கிழமை என்னைக் கொல்லைக்குக் கூப்பிட்டாள். ஆணுக்குப் பெண், அதற்குத்தான் தாலி என்று ஒன்று இருக்கிறது, நீங்கள் செய்வது சின்னப் பிள்ளைகள் விளையாட்டு, அதில் என் சாமியை இழுக்காதீர்கள் என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். அந்த வயதில் எனக்கும் நாக்கு நீளம்.

"நீதான சொன்ன அத்த?"

"நான் சொல்லல."

"அப்ப ஆத்தா சொன்னா."

அத்தையையே மடக்கிவிட்டேன் என்று உள்ளே போய் மங்காவிடம் பெருமையடித்தேன். அத்தைக்கு இனி ஒரே ஒரு வழிதான் மிச்சம் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

அடுத்த வெள்ளி. கோயிலில் அப்படி ஒரு கூட்டம். உடுக்கைக்காரர் அடிக்கத் தொடங்கியதும் அத்தை கையைக் காட்டி நிறுத்தினாள். தட்டில் சூடத்தை ஏற்றினாள். எங்கள் சனத்தில் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. பொய்யாக அடித்தால் குலம் அழியும் என்று நம்புகிறவர்கள் நாங்கள்.

"எனக்கு ஒரு நாளும் சாமி வந்ததில்ல. எல்லாம் நான் போட்ட வேசம்."

உள்ளங்கையால் சூடத்தை அடித்தாள்.

கப்பல் சீட்டை விட்டுப்போன மண்டோர் பெரியவர் கூட்டத்திலிருந்து வெளியே வந்தார். அப்படியானால் என்னை இருக்கச் சொன்னது யார் என்று கேட்டார். நான்தான் என்றாள் அத்தை. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. வாக்கை நம்பிப் பிள்ளைக்கு வைத்தியம் பார்க்காமல் இருந்தவள் ஒருத்தி, வாக்கை நம்பி மகளைக் கொடுத்தவள் ஒருத்தி என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். எல்லோருக்கும் அத்தை அதே பதிலைச் சொன்னாள். யாரோ முகத்தில் துப்பினார்கள். அவள் துடைக்கவில்லை. கோயில் ஆட்கள் இனி இந்தப் படியை மிதிக்காதே என்றார்கள். அப்பா மட்டும் அம்மன் முன்னால் விழுந்து கும்பிட்டார். அவர் அழுதது அவமானத்தால் இல்லை, தப்பித்தோம் என்ற நிம்மதியில்தான். எனக்கு அவரைத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா மங்காவின் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தார். கோயிலில் நடந்த பேச்சு மங்காவுக்குப் பாதிதான் விளங்கியிருந்தது. நான்தான் என் வாயால் மலாயில் சொன்னேன். சாமி இல்லை, அத்தை ஏமாற்றியிருக்கிறாள் என்று. அவள் என்னையே பார்த்தாள்.

"பெத்துல் கா?"

உண்மையா என்று கேட்டாள். அவள் கேட்டது அத்தையைப் பற்றி மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். சாமி வந்தாலும் வராவிட்டாலும் நாம் கட்டிக்கொண்டது கட்டிக்கொண்டதுதான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நான் அத்தை வளர்த்த பிள்ளை. சூடத்தை அடித்து ஒருவர் பொய் சொல்வார் என்று என்னால் நினைக்கக்கூட முடியவில்லை.

"பெத்துல்" என்றேன்.

அவள் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனாள். என் கழுத்துக் கயிற்றை அம்மா கத்தரிக்கோலால் வெட்டினாள். மங்காவுடையது என்ன ஆயிற்று என்று தெரியாது. அதற்குள் அவள் அண்ணன் தெங்கேராவில் இருந்த சொந்தக்காரர் வீட்டுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அடுத்த மாசம் எனக்கும் புக்கிட் ரம்பாய் லாரிக்காரருக்கும் கல்யாணம் நடந்தது. அவர் கெட்டவர் இல்லை. கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. மூன்று பிள்ளைகள். ஆனால் அவர் கழற்றிப் போடும் சட்டையை மடிக்கும்போதெல்லாம் எதிர்ப்பக்கத்து முனையைப் பிடிக்க ஆள் இல்லாத மாதிரி இருக்கும். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

அத்தையின் மீதிக் காலத்தை அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். வேசக்காரி என்று பிள்ளைகள் கல்லெறிந்தார்கள். கடையில் கடைசியில்தான் சாமான் கொடுத்தார்கள். முன்னே ஒரு சொல் பொறுக்காதவள், யாருக்கும் ஒரு பதில் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை உடுக்கைச் சத்தம் கேட்டால் மட்டும் போய்க் கோயிலுக்கு வெளியே, சாக்கடை ஓரத்தில் நிற்பாளாம். வேறு யார்மேலோ அருள் வரும். இவள் ஆடாமல் அசையாமல் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவாளாம். ஏமாற்றுக்காரிக்கு அங்கே என்ன வேலை என்று நான் அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். கேட்டுவிட்டேனே ஒழிய, அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வேசம் போட்டவள் தனக்கே எதிராக எதற்கு வேசம் போட வேண்டும்? கருவாட்டை எதற்கு விட வேண்டும்? வேலியை எதற்குத் தள்ளி நட வேண்டும்?

பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் போய்க் கேட்டேன். அத்தை அப்போது புக்கிட் காதிலில் என் தம்பி வீட்டில் படுக்கையாகக் கிடந்தாள். கழுத்தில் அதே மஞ்சள் கயிறு. பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

"அன்னைக்கு வந்தது யாரு அத்த?"

என்றைக்கு என்று அவள் கேட்கவில்லை.

"ஆத்தாதான்."

"உனக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காதுன்னியே?"

"எல்லாம் கேக்கும் புள்ள. எப்பவும் கேக்கும். கேட்டுச்சுன்னு சொன்னா நான் சொன்ன மாதிரி ஆயிருமேன்னு சனிக்கெழம ஒங்கம்மாகிட்ட கேப்பேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அவ அந்தப் புள்ளயக் கூப்புட்டா. நல்லாத் தெரியும். எனக்குத்தான் சம்மதமில்ல."

எதற்காக என்று கேட்டேன்.

"மத்தியானத்துல நீங்க ரெண்டு பேரும் உள்ள உக்காந்து சிரிப்பீங்க. செவுத்துக்கு இந்தப் பக்கம் நான் படுத்திருப்பேன். பதினாலு வருசம் காத்துக்கிட்டுக் கெடந்தேன், அவரு இருக்காரா செத்தாரான்னு எனக்கு ஒரு வார்த்த சொல்லல அவ. உங்களுக்குக் கூப்புட்டுக் குடுக்குறா. பொம்பளைக்குப் பொம்பள கட்டுனாலும் தாலின்னா, அப்ப என் கழுத்துல கெடக்குறது என்ன?"

இப்போதாவது செய்தது தப்பு என்று தோன்றுகிறதா என்றேன். ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். அத்தை பொய் சொல்ல மாட்டாள். அந்தச் சனிக்கிழமைக் கேள்வியைத் தள்ளிவிட்டால், வாழ்க்கையில் ஒரே ஒரு பொய்தான் சொன்னாள்.

"இல்ல. இன்னும் எனக்குச் சம்மதமில்ல." பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவ சொன்ன மாதிரியே செஞ்சிட்டா. அதுக்கப்புறம் வரவேயில்ல."

அந்த வாரமே போய்விட்டாள். நான் அழுதேன். யாருக்காக என்று கேட்காதீர்கள்.

எனக்கு மங்காவிடம் சொல்ல வேண்டும். அது பொய் இல்லை, சாமி உன்னைத்தான் கூப்பிட்டது, நீ சரியாகத்தான் விளங்கிக்கொண்டாய் என்று சொல்ல வேண்டும். பொங்கலுக்கு முந்தின நாள் செட்டிகள் வீட்டில் பார்ச்சு என்று செத்தவர்களுக்குப் படையல் வைப்பார்கள். எங்கே இருந்தாலும் அன்றைக்குக் கம்பத்துக்கு வந்துவிடுவார்கள். அதனால் அந்த நாளாகப் பார்த்து, வீட்டில் சொல்லாமல், பஸ் பிடித்து காஜா பேராங் போனேன். அவள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே கீழே பாய் விரித்து, வரிசையாக வாழை இலை போட்டு, சோறும் கறியும் பலகாரமும் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு இலையும் செத்துப்போன ஒருவருக்கு. இலைகளுக்கு நேரே சுவரில் படங்கள். கடைசியில் மாட்டியிருந்தது மங்கா. மாலை போட்டிருந்தது.

கையில் கரண்டியோடு ஒருத்தி வாசலுக்கு வந்தாள். மங்காவின் அண்ணன் மனைவியாம், பின்னால் கல்யாணமாகி வந்தவள், என்னைத் தெரியாது. மங்கா போன வருஷம் காமாலையில் செத்துப்போனாள், கடைசிவரைக்கும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று மலாயில் சொன்னாள். உறவுக்காரர்கள்தான் உள்ளே வந்து இலையில் பரிமாறலாம், மற்றவர்கள் வெளியே இருக்க வேண்டும், எங்கள் வீட்டு வழக்கம், தப்பாக நினைக்காதீர்கள் என்றாள். பிறகு மரியாதையாகத்தான் கேட்டாள். நீங்கள் அவளுக்கு என்ன வேண்டும்?

கூட வேலை பார்த்தவள் என்றேன்.

அவள் ஒரு நாற்காலியை வெளியே கொண்டுவந்து போட்டாள். உள்ளே எல்லோரும் பரிமாறி முடித்து, செத்தவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்தினார்கள். உள்ளதை இல்லை என்று அத்தை பொய் சொன்னபோது அவளுக்கு எதிரில் ஒரு கோயில் கூட்டமே நின்றது. எனக்கு எதிரில் கரண்டியோடு ஒருத்திதான் நின்றாள்.